அட்டன்பரோக்கள் ஏன் இவ்வளவு குறைவு?

வாசகர் ஒருவரின் கேள்வி: “டேவிட் அட்டன்பரோ என்பதில் அட்டன்பரோ அப்பா பெயரா, ஊர்ப்பெயரா? ஸ்மித்தும் ஜோன்ஸும் தடுக்கி விழுந்த இடமெல்லாம் இருக்கிறார்கள். இந்த அண்ணன் தம்பியைத் தவிர இன்னொரு அட்டன்பரோவை நான் கேள்விப்பட்டதே இல்லையே, ஏன்?”

(டேவிட், பிபிசி இயற்கை ஆவணப்படங்களின் குரல்; அவர் அண்ணன் ரிச்சர்ட், ‘காந்தி’ படத்தின் இயக்குநர்.) முதல் பாதிக்கு விடை சுலபம்: ஊர்ப்பெயர். நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, ட்ரென்ட் ஆற்றங்கரையில் அட்டன்பரோ என்று ஒரு கிராமம் இருக்கிறது. சரளைக்கல் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, இப்போது அது பறவைகள் வந்து தங்கும் இயற்கைக் காப்பிடம். 1966-இல் அதைத் திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோவேதான்.

இங்கிலாந்தில் குடும்பப்பெயர்ப் பழக்கம் 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன் நிலப்பிரபுக்களோடு தொடங்கியது. குடியானவர்களுக்கு அது நிலைத்தது பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில். வடக்கே இன்னும் தாமதம். ஊர்ப்பெயர் ஒருவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டுமானால் அவர் அந்த ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். அட்டன்பரோவுக்குள்ளேயே இருந்துகொண்டு ‘அட்டன்பரோக்காரன்’ என்று யாரைத் தனியாக அடையாளம் காட்ட முடியும்? பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தவனுக்குத்தான் அந்தப் பெயர் கிடைக்கும். ஆகவே சின்ன ஊரின் பெயரைச் சுமந்தவர்கள் ஆரம்பத்திலேயே ஓரிருவராக இருந்திருப்பார்கள். ஸ்மித் கதை வேறு. ஸ்மித் என்றால் கொல்லன். கொல்லன் இல்லாத ஊர் ஏது? நூற்றுக்கணக்கான ஊர்களில் நூற்றுக்கணக்கான பேர் தனித்தனியாக ஸ்மித் ஆனார்கள்.

ஓரிருவரில் தொடங்கிய பெயருக்கு அதன்பிறகு என்ன ஆகும்? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

கணக்கை எளிதாக்க ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். 100 ஆண்கள், 100 வெவ்வேறு குடும்பப்பெயர்கள். எல்லோருக்கும் திருமணம் ஆகிறது, எல்லோருக்கும் சரியாக 2 குழந்தைகள், ஒரு குழந்தையும் இறப்பதில்லை. ஆணா பெண்ணா என்பது பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெயர் மகன் வழியாக மட்டுமே போகும். கொள்ளைநோய் இல்லை, பஞ்சம் இல்லை. மக்கள்தொகை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இப்படிப்பட்ட சொர்க்கத்தில் எந்தப் பெயரும் அழியாது என்றுதான் தோன்றும்.

இரண்டு குழந்தைகளும் பெண்ணாக இருக்க வாய்ப்பு 1/4. முதல் தலைமுறையிலேயே சராசரியாக 25 பெயர்கள் காலி. அடுத்த படிக்கு ஒரு சின்ன உத்தி போதும். ஒரு பெயர் அழிய, இரண்டு குழந்தைகளில் ஒவ்வொன்றும் ஒன்று பெண்ணாக இருக்க வேண்டும், அல்லது ஆணாக இருந்தும் அவன் கிளை அழிந்துபோக வேண்டும். எனவே, இந்தத் தலைமுறைவரை அழிந்திருக்கும் வாய்ப்போடு 1 கூட்டி, பாதியாக்கி, வர்க்கப்படுத்தினால் அடுத்த தலைமுறைக்கான வாய்ப்பு வந்துவிடும். கைபேசியிலேயே போட்டுப் பாருங்கள்: 25, 39, 48, 55, 60 சதவீதம் என்று ஏறும். பத்தாம் தலைமுறையில் 74. இருபதாம் தலைமுறையில் 85. 14-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை தலைமுறைக்கு 30 ஆண்டு வீதம் ஏறத்தாழ 22 தலைமுறைகள். யாரும் குழந்தையில்லாமல் சாகாத ஊரிலேயே இந்தக் கதி. உண்மையான இங்கிலாந்திலோ 1348-49 கொள்ளைநோய் மட்டுமே மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை வாரிக்கொண்டு போனது.

சரி, வீட்டுக்கு 3 குழந்தைகள் என்று வைத்தால்? இப்போது வர்க்கத்துக்குப் பதில் கனம். ஊர் தலைமுறைக்கு ஒன்றரை மடங்காகப் பெருகுகிறது, ஆனாலும் 23.6 சதவீதப் பெயர்கள் என்றாவது ஒருநாள் அழிந்தே தீரும். அந்த எண்ணைக் கவனியுங்கள். 0.236 என்பது 0.618-இன் கனம், 0.618 என்பது பொன் விகிதத்தின் தலைகீழி. சூரியகாந்திப் பூவின் விதை அடுக்கைப் பற்றிப் பேசும்போது எட்டிப்பார்க்கும் எண், வாரிசுக் கணக்கில் சொல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்கு ஆழமான காரணம் ஏதும் தேட வேண்டாம், முப்படிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தினால் விழும் விடைதான். ஆனாலும் முதன்முறை பார்த்தபோது காகிதத்தைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கேள்வியை 1873-இல் ‘எஜுகேஷனல் டைம்ஸ்’ இதழில் புதிராகப் போட்டவர் ஆங்கில அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன். பேர்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் மறைந்துகொண்டிருந்தன. வசதி கூடினால் வம்சவிருத்தி குறையும் என்று பலர் நம்பினார்கள். தற்செயல் மட்டுமே எத்தனை பெயர்களை அழிக்கும் என்று முதலில் கணக்கிட்டுவிட்டு அப்புறம் காரணம் தேடுவோம் என்றார் கால்டன். பின்னாளில் இனமேம்பாட்டுக் கொள்கைக்குப் பெயர் சூட்டியவரும் இவரே. அந்த விஷயத்தில் எனக்கு அவரைக் கொஞ்சமும் பிடிக்காது. கேள்வி மட்டும் நல்ல கேள்வி.

பதில் சொன்னவர் ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற பாதிரியார். 1874-இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். வாட்சனின் முறை சரி, முடிவு தவறு: மக்கள்தொகை பெருகினாலும் எல்லாப் பெயர்களும் அழியும் என்று சொல்லிவிட்டார். ஒரு பெயர் என்றாவது அழியும் வாய்ப்பைத் தரும் சமன்பாட்டுக்கு 1 எப்போதும் ஒரு தீர்வு. அதைவிடச் சிறிய தீர்வு இன்னொன்று இருந்தால் அதுவே சரியான விடை. அதை அவர் கண்டுகொள்ளவில்லை. பிரான்சில் பியெனமே என்ற புள்ளியியலாளர் 1845-லேயே இதைச் சரியாகச் சொல்லியிருந்தும் யார் கண்ணிலும் படவில்லை. டென்மார்க்கின் தொலைபேசிப் பொறியாளர் எர்லாங், தன் தாய்வழிக் குடும்பப்பெயர் அழிந்துவருவதைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்க, 1930-இல் அதே நாட்டுக் கணிதவியலாளர் ஸ்டெஃபென்சன் முழு விடை தந்தார். 1940-களில் இதே கணிதம் அணுக்கருத் தொடர்வினையில் நியூட்ரான்கள் பெருகுமா, அவியுமா என்று சொல்லப் பயன்பட்டது. ஒரு தொற்று ஊருக்குள் பரவுமா, தானாக அடங்குமா என்பதும் இதே கணக்குதான். ஆய்வு நிதிக்கான விண்ணப்பத்தில் ‘சமூகப் பயன்’ என்ற கட்டத்தைக் கால்டன் எப்படி நிரப்பியிருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன்.

அப்படியானால் அட்டன்பரோ போன்ற பெயர் அரிதாக இருப்பதில் வியப்பில்லை, பிழைத்திருப்பதுதான் வியப்பு. நம்மூரில் வம்சம் தழைக்கப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்லும் எண்கணித நிபுணர்கள், மேலே உள்ள வாய்ப்புகளில் எந்த எண்ணை மாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் நன்றாயிருக்கும்.

இப்போது உயிரியல். ஆண்களிடம் மட்டுமே உள்ள மரபுப்பொருளான ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போகிறது. ஆங்கிலக் குடும்பப்பெயரும் அதே வழியில் போகிறது. (தமிழர் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதால் நம்மிடம் இந்த ஒட்டு கிடையாது.) லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் 40 குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். இரண்டு ஸ்மித்கள் தெருவில் போகும் எவரோ இருவரைப் போலத்தான் இருந்தார்கள். அட்டன்பரோக்களிலோ சுமார் 87 சதவீதம் பேர் ஒரே வகை, அதுவும் இங்கிலாந்தில் அரிதாகக் காணப்படும் வகை. பெரும்பாலோர் ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்பது இதன் பொருள். டேவிட்டின் தந்தை பிறந்த ஸ்டேபிள்ஃபோர்டு, அட்டன்பரோ கிராமத்திலிருந்து சில கிலோமீட்டர்தான்.

ஆனால் இதை வைத்து ‘அந்த ஊரிலிருந்து ஒருவன்தான் கிளம்பினான்’ என்று சொல்லிவிட முடியாது. நான்கைந்து பேர் வெவ்வேறு காலத்தில் கிளம்பியிருக்கலாம். நம் கற்பனை ஊரின் விதிப்படி மற்றவர்களின் கிளைகள் பட்டுப்போய், ஒருவனுடையது மட்டும் மிஞ்சியிருக்கலாம். இன்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

மீதி 13 சதவீதம்? தத்தெடுத்தல், தாயின் பெயரை ஏற்றல், வேறு தந்தை என எல்லாம் அதில் அடங்கும். தலைமுறைக்கு 1 சதவீதம் மட்டுமே இப்படி அறுந்தாலும், 22 தலைமுறைகளில் ஒருவரின் சங்கிலி எங்காவது அறுந்திருக்க வாய்ப்பு ஏறத்தாழ 20 சதவீதம். வம்சப் பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்து பார்ப்பதில்லை.

அரச குடும்பமும் விலக்கல்ல. 2012-இல் லெஸ்டரில் கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்த, 15-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளை ஆராய்ந்த குழுவிலும் டூரி கிங் முக்கியமானவர். தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு, அவருடைய தாய்வழி உறவினருடையதோடு பொருந்தியது. தந்தைவழிக்கு ஒப்பிட அவர்கள் தேடிப்பிடித்த ஐந்து பேர், வம்சாவளி ஏடுகளின்படி மன்னரின் தந்தைவழி உறவினர்; சாமர்செட் என்ற இடப்பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்ட பிரபு பரம்பரையினர். ஒருவருடைய ஒய் குரோமோசோமும் மன்னருடையதோடு பொருந்தவில்லை. ஐவரில் ஒருவருடையது மற்ற நால்வருடையதோடுகூடப் பொருந்தவில்லை.