மீன்தொட்டி ரிட்டர்ன் பம்பு: பெட்டியில் போட்ட லிட்டரை நம்பி வாங்காதீர்கள்

கிணற்றுக்கோ போருக்கோ மோட்டார் எடுக்கப் போனால் நம்ம கொங்கு நாட்டு விவசாயி முதலில் பேசுவது ஹெட்டைப் பற்றித்தான், அதாவது மோட்டார் தண்ணீரை எவ்வளவு உயரம் தள்ள வேண்டும் என்பதைப் பற்றித்தான். எத்தனை அடி ஆழம், எவ்வளவு தூரம் தள்ள வேண்டும், அந்த ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று துருவித் துருவிக் கேட்பார். மோட்டார் செய்கிற ஊர் கோயம்புத்தூர்; இதெல்லாம் இங்கே யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. அதே ஆள் வீட்டு மீன்தொட்டிக்கு ரிட்டர்ன் பம்பு வாங்கும்போது மட்டும், பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் லிட்டரைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார். தொட்டி அமைத்துக் கொடுக்கும் தொழிலில் எனக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

சம்ப் வைத்த தொட்டியில் தண்ணீர் தானாகக் கீழே இறங்கி, ஸ்டாண்டுக்குள் இருக்கும் ஃபில்டர் பெட்டியான சம்ப்புக்கு வந்துவிடும். அதைத் திரும்ப மேலே ஏற்றுவதுதான் ரிட்டர்ன் பம்பின் வேலை. பெட்டியில் '1500 எல்.பி.எச்.' என்று இருந்தால், ஏற்றமே இல்லாமல் அது ஒரு மணி நேரத்தில் தள்ளும் லிட்டர் அவ்வளவுதான். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'ஹெச் மேக்ஸ் 1.5 மீட்டர்' என்று இருக்கும். அந்த உயரத்தில் ஒரு சொட்டுகூட விழாது, பைப்புக்குள்ளேயே தண்ணீர் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் உயரம் ஏற ஏற லிட்டர் இறங்கும்.

பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டில், "பம்பு ஓடுதுங்க தம்பி, தண்ணி மட்டும் நூலாட்டம் விழுதுங்க" என்றார்கள். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. சம்ப்பின் தண்ணீர் மட்டத்திலிருந்து பைப் ஏறும் உச்சி வரை டேப் பிடித்தால் 40 அங்குலம், அதாவது ஒரு மீட்டர். நடுவில் மூன்று எல்போ (பைப்பை வளைக்கும் முட்டு), அதுவும் அரை அங்குலப் பைப்பில். இந்த உரசலுக்குத் தோராயமாக ஒரு அடி சேர்த்தால் 1.3 மீட்டர் ஹெட். பம்போ ஒன்றரை மீட்டர் பம்பு! பைப் முனையில் 20 லிட்டர் பக்கெட்டைப் பிடித்தோம். நிறைய ஆறு நிமிடம் ஆனது. ஆக, மணிக்கு 200 லிட்டர்.

3 மீட்டர் ஹெட் உள்ள 3000 லிட்டர் பம்பை மாட்டி, பைப்பையும் ஒரு அங்குலமாக மாற்றினோம். அதே பக்கெட் முக்கால் நிமிடத்தில் நிறைந்தது. பெட்டி சொன்னதில் பாதிதான், ஆனால் அந்தத் தொட்டிக்கு அதுவே அதிகம். அது விளிம்பு வரை 255 லிட்டர், மணலும் கல்லும் போக 220 லிட்டர் பிடிக்கும். நன்னீர்த் தொட்டிக்கு மணிக்கு நான்கைந்து சுற்று போதும் என்பது என் கணக்கு. 20 லிட்டர் பக்கெட் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே நிறைந்தால் சரி. அதற்குத் தகுந்தபடி வால்வைத் திருகி வைத்துவிட்டு வந்தோம். வால்வு பம்பு தள்ளும் பக்கம்தான் இருக்க வேண்டும், உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் நெரிக்கக் கூடாது. கையில் பணம் இருந்தால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டி.சி. பம்பு இன்னும் நல்லது.

அதற்காக ஆகப் பெரிய பம்பாக வாங்கிவிடாதீர்கள். இறங்கும் பைப் தாங்காமல் தொட்டி வழியும். அப்புறம் கரண்ட் பில். 24 மணி நேரமும் ஓடும் 40 வாட் பம்பு இரண்டு மாதத்தில் 58 யூனிட் இழுக்கும். 85 வாட் என்றால் 122 யூனிட்; வாரியம் தரும் 100 இலவச யூனிட்டை இந்த ஒன்றே தின்றுவிடும். தண்ணீருக்குள் ஓடும் பம்பு அந்த வாட்டைச் சூடாகத் தொட்டியிலேயே விடும் என்பதைக் கரூர், ஈரோடு வெயிலில் இருப்பவர்கள் மறக்க வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது கரண்ட் போகும் நேரத்துக்குத்தான். பம்பு நின்றதும் ரிட்டர்ன் பைப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கும். மேலே சொன்ன தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினால் 14 லிட்டர். பைப் முனை நான்கு அங்குலம் மூழ்கியிருந்தால் 56 லிட்டர் சம்ப்புக்கு வரும். இடமில்லாவிட்டால் ஹாலுக்கு வரும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் ஒரு சின்ன ஓட்டை போட்டால், மட்டம் அங்கே வந்ததும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். பாசி அடைக்காமல் அதை அவ்வப்போது குச்சியால் குத்திவிட வேண்டும். தண்ணீரைத் திரும்ப விடாத 'நான்-ரிட்டர்ன்' வால்வுகளை நான் நம்புவதில்லை. உப்புப் படிந்தால் அவை சரியாக மூடாது.

கரண்ட் திரும்ப வரும்போது இன்னொரு சிக்கல். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்திய கரண்ட் சாயங்காலம் வந்துவிடும். லைட் எரியும், ஃபேன் சுற்றும். பம்பு மட்டும் 'உம்ம்' என்று உறுமிக்கொண்டு அப்படியே நிற்கும். வீட்டில் யாரும் கவனிக்காவிட்டால் காலையில் மீன் மிதக்கும். பம்பைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு. ஓடிக்கொண்டே இருந்தவரை சுற்றியிருக்கும், நின்றபின் கிளம்பத் தெம்பில்லை. சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் இது அபூர்வம். பல்லடம், காங்கேயம் பக்கம் போர்த் தண்ணீர் ஊற்றுபவர்கள் மாதம் ஒருமுறை இம்பெல்லரை வினிகரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். கையை விடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அந்த லைனுக்கு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

கடையில் இன்னொன்றும் கேளுங்கள்: இம்பெல்லரும் அது சுழலும் ஷாஃப்டும் தனியாகக் கிடைக்குமா? இல்லை என்றால் அந்தப் பம்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். கிடைத்தால் பம்போடு சேர்த்து ஒரு செட் எடுத்து ஸ்டாண்டுக்குள்ளேயே போட்டு வையுங்கள்.