நூஹ்ட்டர்ன் என்றால் வெறுவயிறு: ஆஸ்பத்திரியில் காலை வாரும் சொற்கள்

ஐயாவுக்குக் குடலிறக்க ஒப்பரேஷன். ஜேர்மனியில் ஆஸ்பத்திரிகளில் நம் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை என்பதால் அன்று காலை என்னையும் அழைத்திருந்தார்கள். நான் போய்ச் சேருவதற்குள் தாதி மகனிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டு முடித்துவிட்டார். அதில் ஒன்று: "அப்பா நூஹ்ட்டர்னா?" மகன் தயங்காமல் ஓம் என்றிருக்கிறார். வாகன ஓட்டுநர் உரிமத்துக்குப் படித்தபோது அவர் கற்ற சொல் அது. நூஹ்ட்டர்னாக இருந்தால்தான் வாகனம் ஓட்டலாம். அதாவது குடித்திருக்கக் கூடாது. அப்பா வாழ்நாளில் சாராயம் தொட்டதில்லை. பிறகென்ன யோசனை?

நான் பழக்கதோஷத்தில் ஐயாவிடம் தமிழில் கேட்டேன், காலையில் ஏதாவது சாப்பிட்டீங்களா என்று. "வடிவா சாப்பிட்டன் பிள்ளை. ஒப்பரேஷன் எண்டா உடம்பில பெலன் வேணுமெல்லோ. மருமகள் விடியவே எழும்பி இடியப்பமும் சொதியும் செய்து தந்தவ."

அன்றைய ஒப்பரேஷன் நின்றுபோனது. நிற்காமல் நடந்திருந்தால்தான் பயம். மயக்க மருந்து கொடுத்த பிறகு வயிற்றிலுள்ள சாப்பாடு மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் திட்டமிட்ட ஒப்பரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்பே சாப்பாட்டையும், இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரையும் நிறுத்தச் சொல்கிறார்கள்.

மகன் மேல் பிழை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. இரவுக்குரியது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். இரவு கழிந்து இன்னும் வாயில் எதுவும் படாத நிலை. உணவும் படவில்லை, மதுவும் படவில்லை. பிறகு இரண்டு பொருளும் ஒரே சொல்லில் தங்கிவிட்டன. பக்கத்து டச்சு மொழியிலும் இதே சொல்லுக்கு இதே இரட்டைப் பொருள்தான். பிரெஞ்சும் ஸ்பானிஷும் விரதத்தைக் குறிக்கும் சொல்லை இதற்குப் பயன்படுத்துகின்றன. அந்த விரதத்தை முறிப்பதுதான் ஸ்பானிஷில் காலை உணவின் பெயரே. ஏகாதசி விரதத்தை முடிக்கும் பாரணையைத் தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும்.

என் அனுபவத்தில், தெரியாத சொல் வந்தால் நம் ஆட்கள் கேட்டுவிடுவார்கள். தெரிந்த சொல் என்று நினைத்துத் தலையாட்டும் இடத்தில்தான் பிழை நடக்கிறது. கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வில்லங்கம். டொக்டர் "எவென்டுவெல் ஒப்பரேஷன் செய்ய வேண்டும்" என்பார். ஆங்கிலக் காதுக்கு, கடைசியில் எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள் என்று விழும். ஜேர்மன் மொழியில் அதன் பொருள் 'ஒருவேளை' மட்டுமே. அதைக் கேட்டுவிட்டு இரவு முழுக்க அழுத ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். ஸ்பெயினில் 'எம்பரசாதா' என்று ஒரு பெண்ணைச் சொன்னால் அவர் வெட்கப்படுகிறார் என்று நினைக்காதீர்கள், கர்ப்பமாக இருக்கிறார். 'ஊபர்வைசுங்' என்பது வங்கியில் பணம் அனுப்புவது. டொக்டரிடம் அது சிறப்பு மருத்துவருக்கு எழுதித் தரும் கடிதம். காசு கட்டச் சொல்கிறார்கள் என்று பயந்து அந்தக் கடிதத்தை வாங்காமலே வந்தவர்களும் உண்டு.

எண்கள் இன்னும் மோசம். ஒரு அம்மாவின் கொப்பியில் இரவு இன்சுலின் 42 என்று எழுதியிருந்தது. தொலைபேசியில் சொல்லப்பட்டது 24. ஜேர்மன்காரர் இருபத்து நான்கை 'நான்கும் இருபதும்' என்பார்கள். ஃபியர் என்று காதில் விழுந்ததும் அம்மாவின் கை 4 எழுதியது, அடுத்து ஸ்வான்ஸிக் வந்ததும் பக்கத்தில் 2. "ஒரேயடியா இவ்வளவு கூட்டுவினமோ?" என்று அவர் என்னிடம் கேட்டதால் தப்பினார். அந்த அளவு உடம்பில் ஏறியிருந்தால் சர்க்கரை விழுந்து தூக்கத்திலேயே நினைவு தப்பியிருக்கும்.

இந்தப் பிழை நமக்கு மட்டும் வருவதில்லை. எண்ணைப் புரட்டி எழுதுவதற்கு ஜேர்மன் மொழியில் 'ஸாலன்ட்ரேயர்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. நோர்வேயில் தொலைபேசி எண்களை எடுப்பதில் வந்த சிக்கலால், 1951இல் அரசே முறையை மாற்றி, நம்மைப் போல் பத்தை முதலில் சொல்லும்படி செய்தது. பழைய முறையும் பேச்சில் இன்னும் வாழ்கிறது. பிரான்ஸில் 97 என்பது நான்கு இருபது, பத்து, ஏழு. 72 என்பது அறுபது, பன்னிரண்டு; அவசரத்தில் எழுதினால் 60, 12 என்று இரண்டு எண்ணாகிவிடும். சுவிஸின் பிரெஞ்சுப் பகுதியில் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான சொற்கள் உண்டு. பாரிஸிலிருந்து லொசானுக்கு மாறிப்போன குடும்பங்கள் அதைப் பெரிய நிம்மதியாகச் சொல்வார்கள்.

அப்புறம் நேரம். 'ஹல்ப் அஹ்ட்', அதாவது அரை எட்டு. நமக்கு அது எட்டரை மாதிரிக் கேட்கும். உண்மையில் ஏழரை. எட்டாவது மணியில் பாதி கடந்திருக்கிறது என்பது கணக்கு. டச்சு, சுவீடிஷ், ரஷ்யன், ஹங்கேரியன் எல்லாம் இப்படித்தான் எண்ணுகின்றன. ஜேர்மனியின் கிழக்கிலும் தெற்கிலும் 'கால் எட்டு' என்றால் ஏழேகால். மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போய், திரும்ப மூன்று மாதம் காத்திருப்பவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

அதனால் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது இதுதான். நேரத்தையும் மருந்தளவையும் காதால் வாங்காதீர்கள். தாளை நீட்டி, இலக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தொலைபேசி என்றால் நீங்கள் எழுதியதை ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள்: இரண்டு, நான்கு. யாரும் கோபிக்க மாட்டார்கள். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். பள்ளிக்கூட ஜேர்மன் வேறு, ஆஸ்பத்திரி ஜேர்மன் வேறு. வேறு வழியே இல்லாமல் கூட்டிப் போனால், "எனக்கு விளங்கியது இது, சரியா?" என்று நீங்கள் விளங்கியதைத் திரும்பச் சொல்லிக் கேளுங்கள்.

ஐயாவுக்கு இரண்டு வாரத்தில் புதுத் திகதி கிடைத்தது. அட்டையில் ஹல்ப் அஹ்ட், நூஹ்ட்டர்ன் என்று இரண்டே சொல். அதன் கீழே நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: காலை 7.30. முதல் நாள் இரவு 12 மணிக்குப் பிறகு சாப்பாடு இல்லை. தண்ணீர் 5.30 வரை மட்டும். அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மருமகளிடம் நீட்டினார், "அப்ப இடியப்பம் பின்னேரத்துக்கு" என்றபடி.