லண்டன்–நியூயார்க்: போக 8 மணி, வர 7 மணி

லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு விமான டிக்கெட் தேடினால் பயண நேரம் சுமார் 8 மணி என்று காட்டும். திரும்பி வர 7 மணிதான். பூமி சுழல்வதால் வரும் வித்தியாசம் என்று பலர் நினைக்கிறார்கள். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. விமானத்தை விட்டுவிட்டு தரை மட்டும் சுழன்றால் நியூயார்க்தான் எதிரே வரும். மேற்கே போவதல்லவா சீக்கிரம் முடிய வேண்டும்? நடப்பது நேர்மாறு. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது என்பதால் அந்தக் கணக்கே செல்லாது.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடலாம். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய வழி சுமார் 5,540 கி.மீ. நியூயார்க் லண்டனைவிட ஏறக்குறைய 11 டிகிரி தெற்கே இருக்கிறது. ஆனாலும் குறுகிய வழி முதலில் வடமேற்காக ஏறி, அயர்லாந்து, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு வழியாகத்தான் இறங்குகிறது. தட்டையான வரைபடத்தில் இது சுற்றுவழி போலத் தெரியும். உருண்டையான குளோபில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் தானாகவே அந்த வழியில் போய் நிற்கும்.

சரி, நேரம் ஏன் மாறுகிறது? சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம்தான் காரணம். வெப்பமண்டலக் காற்றுக்கும் துருவக் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தால், உயரே காற்று வடக்கு நோக்கித் தள்ளப்படுகிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. சுழற்சிக்குப் பங்கு உண்டு, ஆனால் இந்த வழியாகத்தான். ஜப்பானிய வானிலையாளர் வசபுரோ ஓயிஷி 1920-களிலேயே பலூன் விட்டு இந்தக் காற்றை அளந்தார். முடிவை எஸ்பெராண்டோ என்ற, மிகச் சிலரே அறிந்த செயற்கை மொழியில் வெளியிட்டதால் உலகம் கவனிக்கவில்லை. பெரிய இழப்பு அது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். காற்றைப் பொறுத்து விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் வேகம் 150 என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே வரும்போது தரைவேகம் (தரையைப் பொறுத்த வேகம்) 1,050, நேரம் 5 மணி 17 நிமிடம். மேற்கே போகும்போது தரைவேகம் 750, நேரம் 7 மணி 23 நிமிடம். மொத்தம் 12 மணி 40 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போக வர 12 மணி 19 நிமிடம் போதும். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால், போகும்போது இழந்ததைப் பின்காற்று முழுசாகத் திருப்பித் தருவதில்லை. விமானத்தைப் பொறுத்தவரை தூரம் என்பது அது கிழித்துக்கொண்டு போகும் காற்றின் அளவு. இந்தக் கணக்கில் மேற்கே போக 6,650 கி.மீ., கிழக்கே வர 4,750 கி.மீ.

டிக்கெட்டில் உள்ள நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கக் காத்திருப்பது எல்லாம் சேரும். காற்று கைகொடுத்தால் முன்கூட்டியே வந்துவிடலாம். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது, ஆனாலும் அது ஒலியின் வேகத்தை மீறவில்லை, காரணம் அதைச் சுற்றியிருந்த காற்றும் கூடவே ஓடியது.

அட்லாண்டிக் மேல் உள்ள வான்பாதைகள் அன்றன்றைய காற்றைப் பார்த்துத் தினமும் புதிதாக வரையப்படுகின்றன. அப்புறமும் சில குளிர்காலங்களில் எதிர்காற்று மிஞ்சிவிடும். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன 757 ரக விமானங்கள் எரிபொருள் போதாமல் நியூஃபவுண்ட்லாந்தின் கேண்டரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போனதும் உண்டு.