குவில்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

மேலே ஓர் அழகான துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடியில் ஓர் உள்துணி. இந்த மூன்றையும் ஊடுருவிப் போய்வரும் தையல். இவ்வளவும் சேர்ந்ததுதான் குவில்ட். சிலர் ‘குயில்ட்’ என்றும் எழுதுகிறார்கள்.

இதில் தையலுக்குத்தான் முதலிடம். மூன்று அடுக்கையும் ஓரத்தில் மட்டும் தைத்து மூடிவிட்டால் நாலு தடவை துவைத்ததும் பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் திரண்டுவிடும். மறு பக்கம் வெறும் துணியாகத் தொங்கும். அதைத் தடுக்கத்தான் பரப்பு முழுக்கத் தையல் ஓடுகிறது. கட்டம், அலை, பூ என்று அந்தத் தையலே கோலமாகவும் ஆகிவிடுவது இந்தக் கலையின் பெரிய அழகு. இரண்டு தையல் வரிகளுக்கு நடுவே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று பஞ்சு அடுக்கின் உறையிலேயே போட்டிருப்பார்கள். அதை அவசியம் படியுங்கள்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் ‘குல்கிதா’ என்றால் இறகோ கம்பளியோ அடைத்த மெத்தை. அது பழைய பிரெஞ்சில் சுருங்கி ‘குயில்த்’ போல ஒலித்து, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. படுக்கும் மெத்தையைக் குறித்த சொல் மெல்ல மெல்லப் போர்த்தும் பொருளுக்கு இடம் மாறியது. இதன் உடன்பிறப்பு ஒன்றும் உண்டு. ‘குல்கிதா புங்க்தா’ என்றால் ஊசியால் குத்தித் தைத்த மெத்தை. குவில்ட்டுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் சொல்லும் ‘கூர்ட்புவாந்த்’ அதிலிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தில் படுக்கை விரிப்பைக் குறிக்கும் ‘கவுண்டர்பேன்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து திரிந்தது. ஊசி குத்தியது என்ற பொருள் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைப்பது பேட்ச்வொர்க். ஒரு துணிமேல் இன்னொன்றை வைத்துத் தைப்பது அப்ளிக். இரண்டையும் ஒட்டுவேலை என்றே சொல்லிவிடலாம். குவில்ட் வேறு. துண்டே இணைக்காத குவில்ட்டும் உண்டு. லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள டிரிஸ்டன் குவில்ட் 14ஆம் நூற்றாண்டில் சிசிலியில் செய்தது. அதில் வண்ணத் துண்டுகள் கிடையாது. லினன் துணியில் தையலும் உள்ளே திணித்த பஞ்சின் புடைப்புமாகவே டிரிஸ்டன் என்ற வீரனின் கதைக் காட்சிகள் சித்திரமாக நிற்கின்றன. அதனால் ‘ஒட்டுப்போர்வை’ என்று பெயர் வைத்தால் பொருந்தாது.

‘பஞ்சுப்போர்வை’யும் ‘மெத்தைப்போர்வை’யும் பரவாயில்லை, புரியும். ஆனால் இரண்டும் உள்ளே இருப்பதைச் சொல்கின்றன, தையலைச் சொல்லவில்லை. ‘கந்தை’ இன்னொரு சுவையான சொல். பழைய புடவை, வேட்டிகளை அடுக்கி நூலோட்டித் தைக்கும் வங்காளத்துக் ‘காந்தா’வும் நம் கந்தையும் ‘கந்தா’ என்ற ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. ஆனால் தமிழில் கந்தை என்றால் கிழிசல் என்று மட்டுமே நிலைத்துவிட்டது. ஆசையாகத் தைத்த ஒன்றுக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் பிடித்தது துன்னம். துன்னுதல் என்றால் நெருங்குதல், பொருந்துதல். தைத்தல் என்றும் பொருள். துன்னம் என்பது தையல். சிலப்பதிகாரம் தையற்காரர்களைத் ‘துன்னகாரர்’ என்கிறது. பொருநராற்றுப்படையில் ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ என்று வருகிறது: வேறு வேறு நூல் நுழைந்து தைத்த கந்தல். வறுமையின் உடைதான் அது, ஆனால் அங்கும் துன்னல் என்ற சொல் தையலைத்தான் குறிக்கிறது. கிழிசலுக்குத் தனியாகச் சிதார் என்ற சொல் இருக்கிறது. அதனால் துன்னத்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அடுக்குகளை நெருக்கிப் பொருத்தும் வேலைக்கு இதைவிடச் சரியான சொல் எனக்குத் தோன்றவில்லை.

போர்வையோடு நிற்காததும் இதன் வசதி. பொழுதுபோக்காகத் தைப்பவர்களில் பலர் பெரிய போர்வைக்கு முன்னால் பையில் கை பழகுகிறார்கள். பை குழையாமல் நிற்க அதே மூன்று அடுக்கு கைகொடுக்கும். அதைப் ‘பஞ்சுப்போர்வைப் பை’ என்று சொல்ல முடியுமா? ‘துன்னப்பை’ என்றால் முடிந்தது. அப்புறம் துன்னப்போர்வை, துன்ன மேசைவிரிப்பு எல்லாம் தானாக வந்துவிடும். கேட்பவருக்குப் புதிதாக இருந்தால் ‘மெத்தைத்தையல்’ என்று ஒருமுறை விளக்கிவிடுங்கள்.

வினையாகவும் கைகொடுக்கும். பை தைக்கும் குறிப்பில் ‘அளவைவிடச் சற்றுப் பெரிதாகத் துணி எடுத்து, முதலில் துன்னிவிட்டு, அப்புறம் அளவுக்கு வெட்டவும்’ என்று எழுதலாம். துன்னும்போது துணி கொஞ்சம் சுருங்கும் என்பதால் அந்த வரிசையை மாற்றக்கூடாது.