கேமரா சென்சாரைத் துடைக்க எந்தத் திரவம்?

லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமராக்களில் சென்சாரின் மேல் தூசு படிந்துவிட்டது என்கிறோம். உண்மையில் அது படிவது ஒளியை மின்னாக மாற்றும் சிலிக்கான் பரப்பில் அல்ல, அதற்கு முன்னால் உள்ள அகச்சிவப்பு வடிகட்டியும் காப்புக் கண்ணாடியும் சேர்ந்த மெல்லிய அடுக்கின் வெளிமுகத்தில்தான். லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி வெளிர்வானத்தைப் படமெடுக்கும்போது தெரியும் கரும்புள்ளிகள், அக்கண்ணாடியில் ஒட்டிய துகள்களின் நிழல்களே. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் சட்டக அளவுள்ள) சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டர் என்பதால், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள கறையும் பதினைந்துக்கு மேற்பட்ட பிக்சல்களின் அகலத்துக்கு நிழல் வீழ்த்தும்.

ஆகவே ஒரு திரவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது ஆவியான பின் கண்ணாடியில் எதை விட்டுச்செல்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துளி உலரும்போது விளிம்பில் ஆவியாதல் விரைவாக நடக்கிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய நடுவிலிருந்து விளிம்புக்குப் பாயும் திரவம், தன்னில் கரைந்தவற்றையும் மிதப்பவற்றையும் இழுத்துச்சென்று அங்கே வளையமாகப் படியவிடுகிறது. மருந்துக்கடைகளில் விற்கும் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இதற்கு உதவாமல் போவதும் இதனால்தான்: மீதியில் பெரும்பகுதி நீர்; ஆல்கஹால் முந்தி ஆவியாக, நீர் மிகுந்த எச்சம் மெதுவாக உலர்ந்து கோடுகளை விடுகிறது. கைகளுக்கான சானிடைசர்களில் கிளிசரினும் சேர்ப்பதுண்டு. அவற்றை இந்தக் கண்ணாடியின் பக்கம் கொண்டுசெல்லவே கூடாது.

இப்பணிக்கென விற்கப்படும் எக்லிப்ஸ் திரவம் மிகத் தூய மெத்தனால். அதன் கொதிநிலை 64.7 டிகிரி செல்சியஸ். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு அது ஏறத்தாழ 82 டிகிரி. மெத்தனாலின் பரப்பு இழுவிசை நீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதனால் அது மணிமணியாகத் திரளாமல் மென்படலமாகப் பரவி, வளையம் உருவாகப் போதிய நேரம் தராமல் உலர்ந்துவிடுகிறது. ஆனால் விரைந்து ஆவியாகும் திரவம் கண்ணாடியைக் குளிரவும் வைக்கிறது; கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அந்தக் குளிர்ந்த பரப்பின் மேல் நீராவி படியக்கூடும். மெத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், அடிக்கடி திறந்து மூடிய பெரிய பாட்டிலைவிடச் சிறிய பாட்டிலே நல்லது. அது நஞ்சு, தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும், எளிதில் தீப்பற்றும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும்.

எல்லாக் கறைக்கும் ஒரே திரவம் போதாது. ஷட்டர் பொறியமைப்பிலிருந்து தெறிக்கும் மசகெண்ணெயைத் தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மெத்தனாலைவிட நன்றாகக் கரைக்கும். வாயால் ஊதியதால் தெறித்து உலர்ந்த எச்சிலின் உப்போ ஆல்கஹாலில் எளிதில் கரையாது. அதற்கு, துப்புரவுக்கென்றே தயாரித்த நீர் சார்ந்த திரவம் வேண்டும். விசிபிள்டஸ்ட் போன்ற நிறுவனங்கள் எண்ணெய்க் கறைக்கெனத் தனித் திரவம் விற்பது வெறும் வணிக உத்தி அல்ல. அசிட்டோனை மட்டும் எக்காரணத்துக்காகவும் தொட வேண்டாம். அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் அரித்துவிடும்.

எத்திரவமானாலும், கண்ணாடியின் பூச்சைக் கீறக்கூடிய மணல்துகள்களை முதலில் ப்ளோயரால் (கையால் அழுத்திக் காற்றை ஊதும் குமிழால்) ஊதி அகற்றிய பின்பே ஸ்வாபை (துடைப்புக் குச்சியை) வைக்க வேண்டும். ஸ்வாபின் நுனியில் இரண்டு துளி போதும். அதற்கு மேல் விட்டால், மிகுந்த திரவம் கண்ணாடியின் ஓரத்தில் தேங்கி, துடைத்து முடித்த பின் அங்கேயே உலர்ந்து கறையாகும்.