மெஷினை மாற்றாதீர்கள், டிரான்ஸ்டியூசரை இடம் மாற்றி மாட்டுங்கள்

கடலின் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் எக்கோ சவுண்டரைப் பையில் போட்டுக்கொண்டு "அண்ணே, மெஷின் போச்சு" என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களின் மெஷினில் ஒரு குறையும் இருப்பதில்லை. போன வாரம் வந்த தம்பி, நகையை அடகு வைத்துப் புது மெஷினுக்கு முன்பணமே கொடுத்துவிட்டார். பழையதற்கு ஜெட்டியில் பேட்டரி கொடுத்து, ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வாங்கும் டிரான்ஸ்டியூசரைக் கையால் தண்ணீருக்குள் பிடித்தேன். திரையில் கடல் தரை கோடு போட்ட மாதிரி வந்தது. அவருடைய ஃபைபர் படகைப் போய்ப் பார்த்தால், டிரான்ஸ்டியூசர் புரொப்பல்லருக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. யார் மாட்டியது என்று கேட்டால், விற்றவரே மாட்டிக் கொடுத்ததாம். கேபிள் எட்டுகிற இடம் பார்த்து நாலு ஸ்க்ரூ முடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். முன்பணம் திரும்பி வருமா என்று அந்தத் தம்பி அலைந்துகொண்டிருக்கிறார். இதைப் பார்த்த பிறகும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை விட வேண்டும். படம் வரவில்லையா, கெயினைக் கூட்டு. அப்படியும் வரவில்லையா, வாட் அதிகமுள்ள மெஷினை வாங்கு. கடற்கரையில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் யோசனை இதுதான். கெயின் என்பது திரும்பி வரும் ஒலியைப் பெருக்கிக் காட்டுவது, அவ்வளவுதான். ஒலி கீழே போகவே இல்லை என்றால் எதைப் பெருக்கும்? இரைச்சலைத்தான் பெருக்கும். திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். அதைச் சாளைக் கூட்டம் என்று நம்பி வலையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒலி ஏன் கீழே போகவில்லை? டிரான்ஸ்டியூசரின் முகத்தில் காற்றுக் குமிழி. தண்ணீரில் ஓடும் ஒலி காற்றைத் தொட்டால் கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பிவிடும். சொல்லப்போனால் மெஷின் மீனைக் காட்டுவதே இதை வைத்துத்தான். மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் ஒலியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்புகிறது. காற்றுப்பை இல்லாத சூரை வகைகள் மங்கலாகத் தெரிவதும் அதனால்தான். இருபது பாகம் (ஒரு பாகம் என்பது சுமார் ஆறடி) ஆழத்தில் கிடக்கும் சின்னக் காற்றுப்பையே அப்படித் தெரியும் என்றால், முகத்திலேயே குமிழி படலமாக ஒட்டி ஓடினால் என்ன ஆகும்? 300 வாட் அந்தப் படலத்தைத் தாண்டாது; 600 வாட்டும் தாண்டாது. கடன் மட்டும்தான் கூடும்.

சோதிப்பது சுலபம். படகு நிற்கும்போது படம் நன்றாக இருந்து, ஓடும்போது உடைந்து போனால் மாட்டிய இடம் தப்பு. நிற்கும்போதும் வரவில்லை என்றால் கேபிள், பிளக், பேட்டரி வோல்டேஜ் மூன்றையும் பாருங்கள். மெஷினைச் சந்தேகப்படுவது அதற்கும் அப்புறம்.

சரி, எங்கே மாட்டுவது? புரொப்பல்லரிலிருந்து குறைந்தது ஒரு முழம் தள்ளி. பின்னாலிருந்து பார்க்கும்போது புரொப்பல்லர் வலப்பக்கமாகச் சுற்றினால் படகின் வலது பக்கம் நல்லது. நேர் முன்னால் அடிப்பகுதியில் வரம்பு, போல்ட் தலை, தண்ணீர் உறிஞ்சும் துளை எதுவும் இருக்கக் கூடாது. அவை ஒவ்வொன்றும் குமிழி கிளப்பும். படகை ஒருமுறை ஓட விட்டு அமரத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், குனிந்து பாருங்கள். தண்ணீர் நுரையில்லாமல் வழுக்கி வரும் இடம் கண்ணுக்கே தெரியும்.

"இன்னும் ஆழமா இறக்கினா நல்லாத் தெரியும்ல?" என்று கேட்காதீர்கள். ஃபைபர் படகில் டிரான்ஸ்டியூசரின் முகம் அடிப்பகுதிக்குக் கீழே 3 மில்லிமீட்டர் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். ஓட்டத்தில் படம் உடைந்தால் இன்னும் 3 மில்லிமீட்டர் இறக்குங்கள், மறுபடி ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தால் ஏற்றுங்கள். பிராக்கெட்டில் நீளத்துளை வைத்திருப்பதே இதற்காகத்தான். ஒரு சாண் இறக்கி வைத்தால் டிரான்ஸ்டியூசரே நுரை கிளப்பும், பிராக்கெட்டும் முறியும்.

சாய்வு விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். மணலில் படகை நிறுத்தி, ரசமட்டம் வைத்து, கச்சிதமாக மாட்டுகிறார்கள். ஆனால் வலையும் ஐஸும் டீசலும் ஏறியதும் அமரம் தாழ்ந்துவிடும், மட்டமெல்லாம் போச்சு. 10 டிகிரி சாய்ந்தால் 30 மீட்டர் ஆழத்தில் ஒலி 5 மீட்டருக்கு மேல் விலகிப் போகும். 200 கிலோஹெர்ட்ஸில் குறுகிய கற்றை உள்ள டிரான்ஸ்டியூசர் அந்த ஆழத்தில் பார்ப்பதே சுமார் 6 மீட்டர் அகலம்தான். மீன் தங்கும் பாறைத்திட்டான பார் படகுக்கு நேர் கீழே இருக்கும், திரையில் வெறும் மணல் தெரியும். அதனால் சுமை ஏற்றி, தண்ணீரில் மிதக்க விட்டு, தண்ணீர் மட்டத்துக்கு இணையாக வையுங்கள். பின் விளிம்பு முன் விளிம்பைவிட ஓரிரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் குமிழி தங்காது.

படகின் பின்பலகையான டிரான்சத்தில் நேராகத் துளை போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். உள்ளே பிளைவுட் இருக்கிறது. ஸ்க்ரூ துளை வழியாக உப்புத் தண்ணீர் இறங்கினால் மரம் ஊறி, எஞ்சினைத் தாங்கும் பலகையே மக்கிவிடும். முதலில் ஒரு தடித்த பிளாஸ்டிக் பலகையை மரைன் சீலன்ட் தடவி ஒரே தடவையாகப் பூட்டுங்கள். அதன்மேல் டிரான்ஸ்டியூசரை எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற்றி இறக்கலாம்.

சிலர் வெளியே மாட்டாமல் படகுக்கு உள்ளேயே ஒட்டுகிறார்கள். அதற்கென்று வரும் டிரான்ஸ்டியூசராக இருந்து, அடிப்பகுதி முழுக்க ஃபைபராகவும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். நடுவில் ஃபோமோ மரமோ இருந்தால் ஒலி அதிலேயே செத்துவிடும். ஒட்டும் முன் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் டிரான்ஸ்டியூசரை வைத்து, நனைத்த படகின் உள் அடிப்பகுதியில் அழுத்திப் பாருங்கள். வெளியே தொங்கவிட்டால் வருகிற படம் ஓரளவாவது வந்தால் ஒட்டலாம். எபாக்ஸி போடுங்கள், சிலிக்கான் வேண்டாம். குமிழி ஒன்றுகூட உள்ளே மாட்டக் கூடாது.

கேபிளை வெட்டி ஒட்டாதீர்கள். எஞ்சின் வயரோடும் விஎச்எஃப் ரேடியோவின் ஆண்டெனா வயரோடும் சேர்த்துக் கட்டாதீர்கள். முகத்தில் ஒட்டும் பாசியையும் கொட்டலசையும் கத்தியால் சுரண்டாதீர்கள். ஊற வைத்துத் துணியால் துடையுங்கள். தின்னர் கலந்த பெயிண்ட் அந்த முகத்துக்கு ஆகாது. டிராக்டர் கட்டிப் படகை மணலில் இழுப்பவர்கள், மேலே மடியும் பிராக்கெட்டாக வாங்குங்கள். அலை உடையும் இடத்துக்குப் படகு வருவதற்கு முன்பே அதை மடக்கிவிட வேண்டும், கரை தட்டிய பிறகு அல்ல.