கேள்விக்குறி மேல் என்ன குற்றம்?

ஒரே இணையப் பக்கத்துக்கு இரண்டு முகவரிகள் வைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ‘பொருள்?எண்=4127&வகை=9’ என்று முடிகிறது. மற்றது ‘காலணி/கருப்பு-தோல்-காலணி’ என்று முடிகிறது. தேடலில் எது முன்னால் வரும் என்று கேட்டால், இணையதளம் நடத்தும் பலரும் யோசிக்காமல் இரண்டாவதைக் காட்டுவார்கள். அதில் கொஞ்சம்தான் உண்மை. அந்தக் கொஞ்சத்தை நம்பி அவசரமாக முகவரிகளை மாற்றி, ஏற்கெனவே பிடித்திருந்த இடத்தையும் இழந்த தளங்கள் ஏராளம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதல் முகவரியில், கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது சர்வரில் எந்த நிரல் வேலை செய்ய வேண்டும் என்பது. பின்னால் இருப்பது அந்த நிரலுக்குக் கொடுக்கும் விவரம். நிரல் டேட்டாபேஸில் 4127ஆம் பொருளைத் தேடி எடுத்து, பக்கத்தை அந்த நேரத்தில் கட்டி அனுப்புகிறது. இதைத்தான் டைனமிக் முகவரி என்கிறோம். சரி, சொற்களால் ஆன இரண்டாவது முகவரிக்குப் பின்னால் தயாராக ஒரு கோப்பு இருக்கிறதா? பெரும்பாலும் கிடையாது. அங்கேயும் அதே டேட்டாபேஸ், அதே நிரல். வெளியே தெரியும் முகவரியை சர்வர் உள்ளுக்குள் வேறாக மாற்றிக்கொள்கிறது. அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளுக்காக 1996இல் எழுதப்பட்ட ‘மாட்-ரீரைட்’ என்ற பகுதி இந்த வேலையைத்தான் செய்கிறது.

அப்படியானால் கேள்விக்குறிக்கு ஏன் இத்தனை கெட்ட பெயர்? அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. குக்கீயை, அதாவது வந்தவரை அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பை, நம்ப முடியாத காலத்தில், வந்திருப்பவர் யார் என்று நினைவில் வைத்துக்கொள்ள பல தளங்கள் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு நீண்ட செஷன் எண்ணை முகவரியிலேயே ஒட்டின. மனிதருக்கு அது பெரிய தொல்லை இல்லை. ஆனால் தேடுபொறியின் குரோலர், அதாவது இணைப்பு இணைப்பாகப் போய்ப் பக்கங்களைப் படித்து வரும் நிரல், ஒவ்வொரு முறை வரும்போதும் பழைய பக்கத்தையே புதிய முகவரியில் பார்த்தது. படிக்கப் படிக்க முடிவே இல்லை. அதனால் அன்றைய தேடுபொறிகள் கேள்விக்குறியைக் கண்டால் ஒதுங்கின. அந்தக் காலம் போய்விட்டது. இப்படிப்பட்ட முகவரிகளைத் தன்னால் நன்றாகவே படிக்க முடியும், அவற்றை வேறு உருவத்தில் மறைக்க வேண்டாம் என்று 2008 செப்டம்பரில் கூகுள் வெளிப்படையாகச் சொன்னது.

மறைக்க வேண்டாம் என்று சொன்னதில் நல்ல நுணுக்கம் இருக்கிறது. ‘நிறம்=கருப்பு’, ‘செஷன்=88213’ என்று விவரங்கள் தனித்தனியாகத் தெரிந்தால், செஷன் எண் மாறினாலும் பக்கம் மாறவில்லை என்பதை குரோலர் சில பக்கங்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். அதையே சாய்கோடுகளுக்கு நடுவில் ‘/கருப்பு/88213/’ என்று செருகிவிட்டால், எதை விட்டுவிடலாம் என்று அதற்குத் தெரியாது. அழகுபடுத்தப் போய்க் கண்ணைக் கட்டிவிட்ட கதைதான்.

உண்மையான சிக்கல் கேள்விக்குறியில் இல்லை, பெருக்கலில் இருக்கிறது. ஒரு காலணிப் பட்டியலில் 10 நிறம், 6 அளவு, 4 விதமான வரிசைப்படுத்தல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 × 6 × 4 என்றால் 240 முகவரிகள். நிறத்தை முதலில் சொன்னால் ஒரு முகவரி, அளவை முதலில் சொன்னால் இன்னொன்று. மூன்று விவரங்களை 6 விதமாக அடுக்கலாம் என்பதால் கணக்கு 1,440 ஆகிறது. இருப்பதோ ஒரே பட்டியல்! குரோலர் ஒரு தளத்துக்கு அளந்துதான் நேரம் ஒதுக்குகிறது. பெரிய தளமாக இருந்தால், அந்த நேரம் இந்த நகல்களிலேயே கரைந்து, புதிதாக எழுதிய பக்கம் படிக்கப்படாமல் காத்திருக்கும். அப்புறம், மற்றவர்கள் தரும் இணைப்புகளும் பல முகவரிகளுக்குச் சிதறும். தேடுபொறி நகல்களை ஒன்றாகக் கட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அது தேர்ந்தெடுப்பது நாம் விரும்பும் முகவரியாக இருக்க வேண்டுமென்பதில்லை.

இதற்காகத்தான் 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ‘கேனானிகல்’ குறிப்பை ஏற்றுக்கொண்டன. நகல் பக்கங்களின் நிரலில், படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில், ‘என் அசல் முகவரி இது’ என்று ஒரு வரி எழுதிவிடலாம். அது கட்டளை இல்லை, பரிந்துரைதான். ஆனாலும் முகவரிக்கு அலங்காரம் செய்வதை விட இந்த ஒரு வரி பல மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

முகவரியில் இருக்கும் சொற்களுக்குத் தரவரிசையில் மதிப்பே இல்லையா? இருக்கிறது, மிகச் சிறிய அளவில். கூகுள் தன் தொடக்கநிலைக் கையேட்டிலேயே அதனால் பெரிய விளைவு ஏதும் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் படித்த பிறகு, முகவரியிலிருந்து தேடுபொறி புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. ‘மலிவு-காலணி-சிறந்த-காலணி-காலணி-வாங்க’ என்று நிரப்புவது வீண் வேலை.

சொற்களின் பலன் மனிதரிடம்தான். ஒருவர் அனுப்பிய இணைப்பைப் பார்த்ததுமே உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்தால் தயங்காமல் தொடுவோம். அதோடு, பலர் முகவரியை அப்படியே ஒட்டி இணைப்புக் கொடுப்பார்கள். அப்போது முகவரியில் உள்ள சொற்களே இணைப்பின் எழுத்தாகிவிடும். அந்த எழுத்தைத் தேடுபொறி கவனிக்கிறது. சொற்களைப் பிரிக்க ஹைஃபன் (-) போடுங்கள், அண்டர்ஸ்கோர் (_) வேண்டாம்.

தமிழிலேயே முகவரி வைக்கலாமா? தாராளமாக. படிப்பவரின் மொழியில் இருக்கட்டும் என்றுதான் கூகுளும் சொல்கிறது. ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ‘காலணி’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அது க, துணைக்கால், ல, ண, இகரக் குறி என்று ஐந்து குறியீடு. ஒவ்வொன்றும் 3 பைட். முகவரியில் ஒரு பைட்டை எழுத சதவீதக் குறியோடு 3 இடம் வேண்டும். ஆக 5 × 3 × 3, மொத்தம் 45 எழுத்து. பிரவுசர் அழகான தமிழாகக் காட்டினாலும், நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் இந்த 45தான் வரும். தேடுபொறிக்கு அதனால் குழப்பம் இல்லை. அனுப்பும் மனிதருக்காக இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்துவது நல்லது.

புதிதாகத் தளம் தொடங்குபவர்கள் முதல் நாளிலிருந்தே சொற்களால் முகவரி வையுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியோடு நன்றாக வந்துகொண்டிருக்கும் பக்கங்களை, தரவரிசை கூடும் என்று நினைத்துத் தொடாதீர்கள். முகவரி மாறிவிட்டால் தேடுபொறிக்கு அது வேறொரு பக்கம். வேறு காரணத்துக்காக மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்குரிய புதிய முகவரிக்கு ‘301’ என்ற நிரந்தரத் திருப்பலால் அனுப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடக் கூடாது. தளத்துக்குள் இருக்கும் இணைப்புகளையும் புதியதாக மாற்றுங்கள். அந்தத் திருப்பலைக் குறைந்தது ஒரு வருடமாவது எடுக்காமல் வைத்திருங்கள். பழைய முகவரியை எங்கோ குறித்து வைத்திருப்பவர்களுக்காக, முடிந்தால் அதற்குப் பிறகும்.